கிம்ச்சி ஜிகே: புளித்த கிம்ச்சியில் கொதிக்கும் கொரியக் குழம்பு, வீட்டில் செய்யும் முழு வழிமுறை

கிம்ச்சி ஜிகே செய்யலாம் என்று கடைக்குப் போய்ப் புதுக் கிம்ச்சி (உப்பும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்) வாங்கி வந்து, அன்றைக்கே அடுப்பில் ஏற்றினால் குழம்பு தேறாது. காரம் இருக்கும், சிவப்பு இருக்கும், வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும். இந்தக் குழம்பின் ருசியில் பெரும் பங்கு அடுப்பில் வருவதில்லை. வாரக்கணக்கில் குளிர்பெட்டிக்குள் புளித்துக் கிடக்கும் முட்டைக்கோஸில் இருந்து வருகிறது. மசாலா, சாஸ், இறைச்சி எல்லாம் அதற்குத் துணைதான். அதனால் இந்த வழிகாட்டியில் கிம்ச்சிக்குத்தான் அதிக இடம்.

கொரியாவில் இந்தக் குழம்பு இருப்பதற்கான காரணமே பழைய கிம்ச்சிதான். குளிர்காலம் தொடங்கும் முன், நவம்பர் கடைசி வாக்கில், குடும்பமும் அக்கம்பக்கமும் சேர்ந்து மொத்தமாகக் கிம்ச்சி போடுவார்கள். இந்த வழக்கத்துக்குக் கிம்ஜாங் என்று பெயர். 2013-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் தென் கொரியாவின் பெயரில் சேர்ந்தது, வட கொரியாவின் கிம்ச்சி மரபு 2015-இல் சேர்ந்தது. முன்பு ஓங்கி என்ற மண் ஜாடிகளில் அடைத்து மண்ணுக்குள் புதைத்து வைத்தார்கள். 1995-இல் டிம்சே என்ற பெயரில் கிம்ச்சிக்கென்றே தனிக் குளிர்பெட்டி விற்பனைக்கு வந்து, பிறகு வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது. எதில் வைத்தாலும் சில மாதத்தில் கிம்ச்சி நாக்கு கூசும் அளவுக்குப் புளித்துவிடும். பச்சையாகத் தொட்டுக்கொள்ள முடியாத அந்தக் கிம்ச்சிக்குக் கொரிய வீடுகள் கண்ட வழிதான் ஜிகே.

உங்கள் கிம்ச்சி தயாரா?

ஒரு துண்டை எடுத்துத் தின்று பாருங்கள். புது முட்டைக்கோஸின் இனிப்பும் மொறுமொறுப்பும் முன்னால் நின்றால் இன்னும் நாள் இருக்கிறது. கண்ணைச் சுருக்க வைக்கும் புளிப்பு, கண்ணாடி மாதிரி லேசாக ஊடுருவித் தெரியும் தண்டு, கலங்கிய சிவப்புச் சாறு, மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாடை இவை இருந்தால் தயார்.

உள்ளே நடப்பது லாக்டிக் அமில நொதிப்பு. முதல் கட்டத்தில் லியூகோநாஸ்டாக் வகை பாக்டீரியா வேலை செய்யும். அமிலத்தோடு கரியமில வாயுவையும் வெளிவிடும். அதனால்தான் கடைப் பாக்கெட் உப்பிக்கொள்கிறது. அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. அமிலம் ஏற ஏற லாக்டோபேசில்லஸ் வகைகள் கை ஓங்கும், புளிப்பு கூடும். அப்படியே தின்ன ஏற்ற பக்குவம் பி.எச். 4.2-க்குப் பக்கத்தில். ஜிகேவுக்கு அதையும் தாண்டிப் புளிக்கலாம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று பழுக்க வைத்த கிம்ச்சியை முகுன்ஜி என்பார்கள். அது கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

புதுக் கிம்ச்சி மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், மூடியைச் சற்றே தளர்த்தி வெளியே வையுங்கள். நம் ஊர் வெக்கையில் ஒரு நாளில் புளிப்பு எட்டிப் பார்க்கும்; குளிரான இடத்தில் இரண்டு நாள் பிடிக்கும். பிறகு குளிர்பெட்டியில் இரண்டு மூன்று வாரம். ஜாடியை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள், கீழே ஒரு தட்டும் வையுங்கள்; சாறு பொங்கி வழியும். வினிகர் ஊற்றி ஒரே நாளில் புளிக்கவைத்துவிடலாம் என்பார்கள். ஒரு தேக்கரண்டி ஊற்றினால் அவசரத்துக்கு ஆகும், ஆனால் அது நாக்கில் தனியாகக் குத்தும்.

மேலே வெள்ளையாக மெல்லிய ஏடு படர்ந்திருந்தால் பெரும்பாலும் ஈஸ்ட். அதை வழித்துப் போட்டுவிட்டு, இலையை அலசி, நன்றாக வேகவைத்துப் பயன்படுத்தலாம். பஞ்சு மாதிரி ரோமத்தோடோ, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்திலோ பூத்திருந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். ஏடு இல்லாத நல்ல கிம்ச்சியைக் கழுவவே கூடாது. கழுவினால் மசாலாவும் சாறும் போய்விடும்.

தேவையானவை (இரண்டு மூன்று பேருக்கு)

நன்றாகப் புளித்த நாபா முட்டைக்கோஸ் (நீள வடிவச் சீன முட்டைக்கோஸ்) கிம்ச்சி 350 கிராம்
கிம்ச்சிச் சாறு அரை கப்
கொழுப்போடு கூடிய பன்றிக் கறி 200 கிராம்
டோஃபு 200 கிராம்
பெரிய வெங்காயம் பாதி
வெங்காயத்தாள் 2
பூண்டு 4 அல்லது 5 பல், தட்டியது
கோச்சுகாரு 1 மேசைக்கரண்டி
சர்க்கரை 1 தேக்கரண்டி
மீன் சாஸ் அல்லது சோயா சாஸ் 1 தேக்கரண்டி
நெத்திலிச் சாறு அல்லது அரிசி கழுவிய தண்ணீர் 600 மில்லி
பச்சை மிளகாய் 1, விருப்பம் இருந்தால்

கறியில் வயிற்றுப் பகுதிதான் முதல் தேர்வு. கொரியர்கள் சம்கியோப்சால் என்று தட்டில் சுட்டுத் தின்பதும் அதே பகுதிதான். தோள் அல்லது கழுத்துப் பகுதியும் ஆகும், கொழுப்பு ஓடியிருந்தால் போதும். வெறும் சதைக் கறி இந்தக் குழம்பில் சக்கையாகிவிடும். கிம்ச்சியின் புளிப்பை மட்டுப்படுத்துவதே அந்தக் கொழுப்புதான்.

கோச்சுகாரு விதை நீக்கி, கொரகொரப்பாகப் பொடித்த கொரிய மிளகாய். காரம் நடுத்தரம், லேசான இனிப்பு உண்டு. மிளகாய் கொரியாவுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில்தான். அதற்கு முந்தைய கிம்ச்சியில் இந்தச் சிவப்பு கிடையாது. இது கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாயின் விதையை உதிர்த்துவிட்டுக் கொரகொரப்பாகத் திரித்துக்கொள்ளுங்கள், ஓரளவு பக்கத்தில் வரும். சாம்பாருக்குப் போடும் குண்டூர் மிளகாய்த் தூளை அதே அளவு போட்டால் வாய் வெந்துவிடும். சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு: இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்ததையொட்டிக் கொரியர்கள் குடியேற, அவர்களை நம்பிக் கொரிய மளிகைக் கடைகளும் வந்துவிட்டன.

கோச்சுஜாங் பட்டியலில் இல்லையே என்று கேட்பீர்கள். மிளகாய், பசையரிசி, புளிக்கவைத்த சோயா மாவு, உப்பு சேர்ந்த அந்த விழுதை இணையக் குறிப்புகள் பலவும் கரண்டி கரண்டியாகப் போடச் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குழம்பு கனத்து, இனித்து, எந்தக் கிம்ச்சியைப் போட்டாலும் ஒரே ருசியாகிவிடும். கிம்ச்சி சுமாராக இருந்தால் அரைத் தேக்கரண்டி போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பாத்திரம்

கொரியர்கள் துக்பேகி என்ற கனத்த மண்சட்டியில் செய்து, கொதிக்கக் கொதிக்க அப்படியே சாப்பாட்டு மேசைக்குக் கொண்டு வருவார்கள். வீட்டில் பழகிய மண்சட்டி இருந்தால் அதுவே போதும். சிறு தீயில் தொடங்கி மெல்லச் சூடேற்றுங்கள், எடுத்ததும் பெருந்தீயில் வைத்தால் விரிசல் விடும். அடி கனத்த எவர்சில்வர் பாத்திரமும் சரி. அலுமினியம் வேண்டாம், இத்தனை புளிப்பை அது தாங்காது. குழம்பில் உலோக வாடை ஏறும். வார்ப்பிரும்புச் சட்டியிலும் இதே தொல்லைதான், பழக்கி வைத்த பூச்சு போய்விடும்.

முதல் வேலை: தண்ணீர்

வெறும் தண்ணீரிலும் செய்யலாம், ஆனால் இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. சுலபமானது அரிசி கழுவிய தண்ணீர். முதல் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, இரண்டாவது முறை அரிசியை நன்றாகப் பிசைந்து கழுவிப் பிடித்து வையுங்கள். கொரிய வீடுகளில் ஜிகேவுக்கு இதைத்தான் எடுத்து வைப்பார்கள். அதில் உள்ள மாவு குழம்புக்கு லேசான கெட்டித்தன்மை தரும், புளிப்பின் முனையையும் மழுக்கும்.

இன்னொன்று நெத்திலிச் சாறு. பெரிய காய்ந்த நெத்திலி பத்துப் பன்னிரண்டை எடுத்துத் தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து உள்ளே இருக்கும் கறுப்பைச் சுரண்டிப் போடுங்கள். அதை விட்டால் கசக்கும். வெறும் பாத்திரத்தில் ஒரு நிமிடம் வறுத்தால் கவிச்சி அடங்கும். ஒரு லிட்டர் தண்ணீரும் உள்ளங்கை அளவு தசிமா கடற்பாசியும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். கொதி வந்து ஐந்து நிமிடத்தில் கடற்பாசியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வழவழப்பு இறங்கும். நெத்திலி இன்னும் பத்து நிமிடம் கொதிக்கட்டும், பிறகு வடிகட்டுங்கள். கொரிய நெத்திலிக்குப் பதிலாக உப்புப் போட்ட கருவாட்டை எடுத்தால், ஊறவைத்து அலசிவிட்டுப் பாதி அளவு மட்டும் போடுங்கள். பிறகு குழம்பில் மீன் சாஸ் தேவைப்படாது.

பன்றிக் கறி போடும் குழம்புக்கு அரிசித் தண்ணீர், கறி இல்லாததற்கு நெத்திலிச் சாறு என்பது என் கணக்கு. கறியே போதுமான சாறு விடும்போது அதன் மேல் நெத்திலியும் சேர்ந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

வதக்குவது

கறியை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, எண்ணெய் விடாமல் சட்டியில் போட்டு நடுத்தர தீயில் பிரட்டுங்கள். நான்கைந்து நிமிடத்தில் கொழுப்பு உருகி அடியில் தேங்கும், ஓரங்கள் பொன்னிறமாகத் தொடங்கும். நறுக்கிய வெங்காயத்தைப் போட்டு ஒரு நிமிடம் பிரட்டுங்கள்.

கிம்ச்சியைச் சாறு பிழிந்து, அந்தச் சாற்றைத் தனியே வைத்துக்கொண்டு, இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் வதங்காது, வேகத்தான் செய்யும். சர்க்கரையையும் இப்போதே தூவுங்கள். இனிப்பு வருவதற்கு அல்ல, புளிப்பின் கூர்மையைக் குறைக்க. ஏழெட்டு நிமிடம் பொறுமையாக வதக்குங்கள். முதலில் கிம்ச்சியில் இருந்து தண்ணீர் விட்டு சலசலவென்று சத்தம் கேட்கும். தண்ணீர் வற்ற வற்ற அந்தச் சத்தம் மாறிப் பொரியும் சத்தமாகும். தண்டின் வெள்ளை மறைந்து பழுப்பு கலந்த ஆரஞ்சு ஆகும். சட்டியின் ஓரத்தில் சிவப்பு நெய் பிரிந்து நிற்கும். பச்சைப் புளிப்பு வாடை போய், கறி வறுபடும் வாசம் மேலெழும். அதுவரை தண்ணீர் ஊற்ற அவசரப்பட வேண்டாம். இந்த ஏழெட்டு நிமிடத்தைச் சுருக்கினால் பிறகு எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் ஈடாகாது.

தீயைக் குறைத்துப் பூண்டையும் கோச்சுகாருவையும் போட்டு அரை நிமிடம் கிளறுங்கள். மிளகாய் நொடியில் கருகும், கருகினால் குழம்பு முழுக்கக் கசப்பு. சந்தேகமாக இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போடுங்கள்.

வதக்கவே தேவையில்லை என்ற கட்சியும் கொரியாவில் உண்டு. சில உணவகங்களில் நறுக்காத கால் முட்டைக்கோஸையும் பெரிய கறித் துண்டையும் தண்ணீரில் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டு, மேசைக்கு வந்த பிறகு கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்கள். முகுன்ஜியும் பெரிய பாத்திரமும் நிறைய நேரமும் இருந்தால் அது அருமையாக இருக்கும். இரண்டு பேருக்குச் செய்யும் சின்னச் சட்டிக்கு வதக்கும் வழியே நல்லது.

கொதிக்கவிடுவது

பிழிந்து வைத்த சாற்றோடு மேலும் சாறு சேர்த்து மொத்தம் அரை கப் ஊற்றுங்கள், பிறகு அரிசித் தண்ணீர் 600 மில்லி. பெருந்தீயில் கொதி வரட்டும். மேலே நுரை கட்டினால் எடுத்துவிடலாம், விட்டாலும் மோசமில்லை. பத்து நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகு தீயைக் குறைத்து, மூடியைச் சற்றுத் திறந்து வைத்து இன்னும் இருபது இருபத்தைந்து நிமிடம்.

காய்கறிதானே, பத்து நிமிடத்தில் வெந்துவிடாதா என்று தோன்றும். வேகாது. புளி ஊற்றிய பிறகு காய் சீக்கிரம் வேகாது என்று நம் வீட்டில் காயை முதலில் வேகவைப்போம் அல்லவா, இங்கேயும் அதே கதைதான். காயின் அணுச்சுவர்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் அமிலத்தில் எளிதாகக் கரைவதில்லை. கிம்ச்சியோ அமிலத்திலேயே ஊறியது. பத்தாவது நிமிடத்தில் ஒரு தண்டைக் கடித்தால் நறுக்கென்று இருக்கும், சாறு தனியாக, காய் தனியாக நிற்கும். முப்பதாவது நிமிடத்தில் கரண்டி விளிம்பால் அழுத்தினாலே தண்டு துண்டாகும், அப்போதுதான் குழம்பும் காயும் சேர்ந்திருக்கும். பிரஷர் குக்கரில் வைத்தால் தண்டு வேகமாகக் குழைந்துவிடும், ஆனால் குழம்பு வற்றாது, நீர்த்துக் கிடக்கும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உப்பும் புளிப்பும்

ஆரம்பத்தில் உப்பு எதுவும் போடாதீர்கள். கிம்ச்சியிலும் சாற்றிலும் நிறைய உப்பு இருக்கிறது, அது குழம்பில் இறங்கவே இருபது நிமிடம் ஆகும். அதன் பிறகு ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்துச் சுவையுங்கள்.

சப்பென்று இருந்தால் முதலில் இன்னும் இரண்டு கரண்டி கிம்ச்சிச் சாறு. அதுவும் போதாவிட்டால் மீன் சாஸ் அல்லது சோயா சாஸ், சொட்டுச் சொட்டாக. கொரியர்கள் சிலர் உப்பிட்ட குட்டி இறாலை ஒரு சிட்டிகை போடுவார்கள், பன்றிக் கறிக்கு அது நன்றாகப் பொருந்தும். புளிப்பு மிஞ்சியிருந்தால் இன்னொரு சிட்டிகை சர்க்கரையும் ஐந்து நிமிடக் கொதியும். கரித்தால் தண்ணீர் ஊற்றி டோஃபுவைக் கூட்டிப் போடுங்கள். சோற்றோடு சாப்பிடப் போவதால், தனியாகக் குடிக்கும்போது உப்பு ஒரு படி தூக்கலாக இருப்பதே சரியான அளவு.

டோஃபு, வெங்காயத்தாள்

டோஃபுவை அரை அங்குலத் தடிமனில் துண்டுபோட்டு மேலே பரப்புங்கள். கிளறாதீர்கள்; கரண்டியால் குழம்பை எடுத்து மேலே ஊற்றிக்கொண்டிருங்கள். ஐந்து நிமிடம் போதும். கொஞ்சம் கெட்டியான டோஃபு உடையாமல் நிற்கும். மென்மையானது உடைந்து குழம்பில் கலக்கும், அதுவும் எனக்குப் பிடிக்கும். கடைசி ஒரு நிமிடத்துக்கு வெங்காயத்தாளும் சாய்வாக நறுக்கிய பச்சை மிளகாயும். கொரியாவில் காரம் தேடுபவர்கள் சோங்யாங் என்ற மிளகாயைப் போடுவார்கள். நம் பச்சை மிளகாய்க்கு அதைவிடக் காரம் குறைவு என்று சொல்லிவிட முடியாது, பார்த்துப் போடுங்கள்.

சட்டி அடங்கும் முன் பரிமாற வேண்டும். கூடவே சற்று ஒட்டும் வெள்ளைச் சோறு. பொன்னியோ சோனா மசூரியோ வடித்தால் குழைய வடியுங்கள், பாஸ்மதி வேண்டாம். கொரியர்கள் சோற்றையும் குழம்பையும் கரண்டியால்தான் சாப்பிடுவார்கள், குச்சிகள் தொடுகறிக்கு. பக்கத்தில் சுருட்டிய முட்டை அடை, வறுத்த கடற்பாசித் தாள் இரண்டு இருந்தால் விருந்து.

பன்றிக் கறி இல்லாமல்

பன்றி சாப்பிடாதவர்கள் எதையோ தியாகம் செய்வதாக நினைக்க வேண்டாம். டின் சூரை மீன் போட்ட ஜிகே கொரியாவில் அன்றாட வீட்டுச் சமையல். டோங்வோன் நிறுவனம் 1982-இல் டின் சூரையை விற்கத் தொடங்கியது, இன்று அது இல்லாத கொரிய அலமாரியைப் பார்ப்பது கடினம். கிம்ச்சியை இரண்டு கரண்டி எண்ணெயில் வதக்கி, நெத்திலிச் சாறு ஊற்றிக் கொதிக்கவிட்டு, டோஃபு போடும்போது மீனை எண்ணெயோடு கவிழ்த்துவிடுங்கள். முன்னாலேயே போட்டால் மீன் தூளாகிவிடும்.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வழக்கமான கிம்ச்சியிலேயே மீன் சாஸும் உப்பிட்ட இறாலும் இருக்கும். பாக்கெட்டில் சைவக் கிம்ச்சி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நல்லெண்ணெயில் வதக்கி (கொரிய எள் எண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, வாசம் தூக்கலாக இருக்கும், அளவைக் குறையுங்கள்), காய்ந்த ஷிடாக்கே காளானும் தசிமாவும் ஊறிய தண்ணீரை ஊற்றிச் செய்தால் நிறைவாக இருக்கும். கறிக் கொழுப்பு இல்லாததால் டோஃபுவை இரட்டிப்பாக்குங்கள்.

ஸ்பாம் (டின்னில் அடைத்த பன்றி இறைச்சி), சாசேஜ், ராம்யோன் நூடுல்ஸ் எல்லாம் சேரும் படே ஜிகே வேறு குழம்பு. கொரியப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படை முகாம்களில் இருந்து வெளியே வந்த டின் உணவுகளைக் கொண்டு பிறந்தது. சியோலுக்கு வடக்கே உள்ள உய்ஜோங்பு நகரம் அதற்குப் பேர் போனது.

மிச்சம் இருந்தால்

கூடுதலாகவே செய்யுங்கள். இரவு குளிர்பெட்டியில் இருந்து மறுநாள் சூடாக்கும்போது கறிக்குள் புளிப்பு ஏறியிருக்கும், காய் இன்னும் குழைந்திருக்கும். டோஃபுவை மட்டும் சாப்பிடும் நேரத்தில் புதிதாகப் போடுங்கள், பழையது கடற்பஞ்சு ஆகியிருக்கும். குழம்பு கெட்டியாகி நான்கைந்து கரண்டிதான் அடியில் நிற்கிறது என்றால், சோற்றைக் கொட்டி, பெருந்தீயில் அடி பிடிக்கும் வரை பிரட்டி, மேலே ஒரு முட்டையைப் பொரித்துப் போடுங்கள்.